ஒட்டுப் போட்ட வயர்

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, இவள் மனசு மாறியிருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாறவில்லை.

எங்கள் ஊர் அறந்தாங்கியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அவர் அடுத்த வீட்டுக்காரர். நடுவில் ஒரு வேலி. இருபது வருஷம் கல்ஃபில் இருந்தவர். அங்கே லேபர் கேம்ப்பில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை. ஊருக்குத் திரும்பியதும் பெட்ரோலில் ஓடுகிற சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார். சக்கரம் வைத்தது. ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போகலாம். விசேஷ வீடுகளுக்குக் கொண்டுபோவார்.

கைலி, அதன் மேல் பச்சை பெல்ட், பெல்ட்டில் ஒரு கட்டிங் பிளேயர். சிவப்புப் பிடி. சாப்பிட உட்கார்ந்தாலும் அது இடுப்பில்தான் இருக்கும்.

பேச்சு இரண்டே. "கையை எடு." "செருப்பு எங்க?"

ஜெனரேட்டர் பக்கம் யார் போனாலும் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம் காலைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. ஊர்ப் பெரிய மனுஷன், சின்னப் பிள்ளை எல்லாம் ஒன்றுதான்.

அந்தப் பிளேயரால் அவர் செய்த வேலை ஒன்று உண்டு. ஒட்டுப் போட்ட வயரைக் கண்டால் வெட்டிவிடுவார். கேட்க மாட்டார். பிளக்கை உருவுவார், வெட்டுவார், போய்விடுவார். கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு வயரை வெட்டினார். டீக்கடையில் ஃபேன் வயரை வெட்டினார். என்னுடையதையும் வெட்டினார்.

நான் மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் வயரை எலி கடித்துவிட்டது. நான் இரண்டு நுனியையும் முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் எங்கள் கோழி அவர் தோட்டத்துக்குள் போய்விட்டது என்று சண்டைக்கு வந்தார். வந்தவர் கண் வயரில் விழுந்தது. கோழியை விட்டுவிட்டார். பிளக்கை உருவி, பிளேயரை எடுத்து, ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நடுத்துண்டை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

"மாத்து" என்றார்.

எட்டுப் படி அரிசி ஊறிக் கிடந்தது. அன்று மாவு இல்லை. வேலியோரம் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"கத்து, கத்து. ஷாக் அடிச்சிருந்தா கத்த முடியாது" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு கல்யாணம். காலை முகூர்த்தம். மழை பிடித்துக்கொண்டது. இவர் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஜெனரேட்டரை மண்டபத்து நடைக்குள் தள்ளி வைத்துவிட்டார்கள். நனையாமல் இருக்கட்டும் என்று. இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பார்த்தார். நிறுத்திவிட்டார். மைக் போச்சு. ஃபேன் போச்சு. தாலியை எடுத்துக் கையில் கொடுக்கிற நேரம்.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "நல்ல நேரத்துல நிப்பாட்டுறியே. நீ நல்லா இருப்பியா?"

"பொகைய உள்ள விட்டுட்டு, எல்லாரும் மாலையும் கழுத்துமா வரிசையா படுத்துக் கெடந்தா நல்லாருக்குமா?"

கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா அது? நாலு பேர் அடிக்கப் போனார்கள். இவர் மழையில் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போய், மேலே ஒரு தகரத்தைச் செங்கல் அடுக்கி நிறுத்தி, நாலு பக்கமும் காற்றுப் போகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போனவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அப்படி ஒரு ஆளை எங்கே அடிப்பது?

கேம்ப்பில் அவர் கண் முன்னாலேயே ஒருவன் கருகிச் செத்தான், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நான் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. கல்யாணமான புதுசுலயே இப்படித்தான். சோத்துல ஒரு கல்லு கெடந்தா தட்டையே கவுத்துருவாரு" என்றார் அந்த அம்மா.

அதனால் கதையை நான் நம்புவதில்லை. சில பேர் அப்படித்தான். காரணம் வேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷத்தைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தென்னை படுத்துவிட்டது. போஸ்ட் எல்லாம் படுத்துவிட்டது. எத்தனையோ நாள் கரண்டு இல்லை. எங்கள் தெருவில் ஓடிய ஒரே ஜெனரேட்டர் அவருடையதுதான். வாசலில் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை வைத்து, செல்போன்களுக்குச் சார்ஜ் போட விட்டார். உடைந்த சார்ஜர் கொண்டுபோனால் மண்ணில் தூக்கிப் போடுவார். அதையும் பொறுத்துக்கொண்டு போனோம். வேறு வழி?

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆத்தா போய்விட்டது. என்னைப் பெற்றவள். நெஞ்சுச் சளி. எனக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. ஆத்தாவோடுதான் இருந்தேன். அப்பா முன்னாலேயே இல்லை. தம்பி ஒருவன், குவைத்தில்.

தம்பிக்குப் போன் போட்டேன். அழுதான். அப்புறம் சொன்னான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். கம்பெனில லீவு பேப்பர் தர்றேன்னுட்டாங்க. ஆத்தா மொகத்த நான் பாக்கணும். வச்சிரு அக்கா."

"வச்சிருக்கேன்" என்றேன்.

டவுனில் சொல்லி ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தார் மாமா. மாமா என்றால் ஆத்தாவின் தம்பி. பெட்டி வந்துவிடும். கரண்டு? நான் வேலியோரம் போனேன்.

"அண்ணே, ஆத்தா போயிருச்சு."

அவர் பெட்ரோல் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பெட்டி எத்தன மணிக்கு வருது?" என்றார்.

அவ்வளவுதான். அடடா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜங்ஷன் பாக்ஸை மேலே வைத்து ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பந்தலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். இருபதடி தள்ளி, விழுந்து கிடந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், புகை எங்கிட்டுப் போகிறது என்று பார்த்து வைத்தார். இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்து இறக்கி, ஜெனரேட்டரிலிருந்து அதற்கு ஒரு வயரைக் கட்டினார். அப்புறம் எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கி, கம்பியின் காலில் முழுசாக ஊற்றினார்.

ஊரில் தண்ணீருக்கு நாயாக அலைந்த நேரம் அது. எங்கள் வீட்டுக் கிணற்றின் மேல் தென்னைமரம் விழுந்து, உருளை நொறுங்கி, வாளி இறக்க வழி இல்லை. அந்தக் குடம் இரண்டு தெரு தள்ளி லாரியில் பிடித்து வந்தது. பொம்பளைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

"கம்பிக்குத் தாகமாக்கும்" என்றாள் ஒருத்தி.

"எர்த்துக்கு ஈரம் வேணும்" என்றார். யார் சொன்னது என்றுகூடப் பார்க்கவில்லை.

மாமா ஒரு யோசனை சொன்னார். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைக் கொண்டுவந்து ஜெனரேட்டரில் ஒரு முனை, வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக்கில் ஒரு முனை சொருகிவிட்டால் வீடு முழுக்க லைட் எரியுமே என்றார். பக்கத்து ஊரில் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"எரியும். அங்கிட்டு போஸ்ட்ல ஏறி நிக்கிறான் பாருங்க, அவனும் சேந்து எரிவான்" என்றார் அவர்.

இரண்டு தெரு தள்ளி வெளிமாவட்டத்து கரண்டு ஆபீஸ் ஆட்கள் போஸ்டில் ஏறிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. அக்காவைப் பறிகொடுத்த மனுஷன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

பெட்டி வந்தது. ஆத்தாவை உள்ளே வைத்தோம். பெட்டி வயர் குட்டை. நான் வீட்டிலிருந்த நீள வயரை எடுத்து வந்தேன். அதில் ஒரு ஒட்டு இருந்தது. எனக்கு நினைவில்லை. அவர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒட்டில் விரல் நின்றது. பிளேயர் வந்தது.

வெட்டினார்.

ஆத்தா பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி ஓடவில்லை. இருந்த ஒரே வயரை வெட்டிப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார். வேறு வயர் எடுத்து வரக் கால் மணி நேரம். கெட்டியான கறுப்பு வயர். புதுசு. அதையும் முதலிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தார். அவர் வயரையே அவர் நம்பவில்லை.

முதலில் வெறும் ஜெனரேட்டரை ஓட்டினார். சத்தம் சீரான பிறகு பெட்டியைப் போட்டார். பெட்டி மோட்டார் பிடித்து உறுமியது. அதற்கப்புறம் ஒரு ஃபேன், இரண்டு லைட்.

"அம்புட்டுத்தான். வேற எதையும் யாரும் சொருகக் கூடாது."

பெட்ரோல் தீரப் போகும்போது நிறுத்தி, இஞ்சின் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் ஊற்றுவார். அதுவரை பெட்டியும் நிற்கும். மாமா பொறுக்காமல் கேனைத் தூக்கினார்.

"சூட்டோட ஊத்துனா என்னப்பா? அக்கா வெந்து போகுது உள்ள."

"கையை எடுங்க. சுடுகாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. இங்கேயே கொளுத்த வேணாம்."

மாமா கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் இஞ்சினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு ஓடியது. அவர் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத் தம்பி திருச்சியில் இறங்கிவிட்டேன் என்றான். இனி நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளி வீட்டுப் பெண்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து வரிசையாக வந்து ஆத்தாவைக் குளிப்பாட்ட வேண்டும். குளத்தில் மரமும் செத்த கொக்கும் மிதந்தது. லாரித் தண்ணீர் வேண்டாம், அவள் குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள் பெரிய பொம்பளைகள். அதுவும் சரிதானே. கிணற்றில் வாளி இறங்காதே தவிர, சின்ன மோட்டார் ஒன்று குழாயோடு அப்படியே இருந்தது. பிளக் வைத்த மோட்டார்.

அவரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் என் காலைத்தான் பார்த்தார். "செருப்பு எங்க?" சாவு வீட்டில் செருப்போடு நடப்பேனா? திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் அவர் வீட்டுக்குப் பல் விளக்கப் போனார். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் தொட்டேன்.

மோட்டார் பிளக்கைக் கொண்டுவந்து ஜங்ஷன் பாக்ஸில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சுற்றவில்லை. ம்ம்ம் என்று முனகியது. ஜெனரேட்டர் சத்தம் அடியில் இறங்கியது. லைட் சிவந்தது. ஒரு இருமல். அவ்வளவுதான். எல்லாம் நின்றுவிட்டது.

ஒரு நாள் சத்தத்துக்குப் பிறகு அப்படி ஒரு அமைதி. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அவர் வாயில் நுரையோடு வேலியைத் தாண்டி ஓடிவந்தார். யார் என்று கேட்கவில்லை. பாக்ஸில் இருந்த எல்லாவற்றையும் உருவினார். மோட்டார் பிளக் கையில் வந்ததும் நிமிர்ந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"செத்தவளையும் விட மாட்டியா நீ?"

பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

"பெட்டியைப் போடுங்கண்ணே" என்றேன். எனக்கு அதுதான் கவலை. தம்பி வந்துகொண்டிருக்கிறான். வெயில் ஏறுகிறது. பெட்டிக் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் கோத்து வழிகிறது.

"இப்பவே போட்டா பெட்டி மோட்டாரு கருகிரும். அப்புறம் பெட்டியும் கெடையாது, மொகமும் கெடையாது. பத்து நிமிசம் ஆறணும்."

கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். குளிர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையைவிட்டுப் போவது தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை நான் யாருக்கும் சொல்ல முடியாது.

பாதியில் கேட்டார். "மோட்டாரு எதுக்கு?"

"ஆத்தாளக் குளிப்பாட்டத் தண்ணி வேணும்."

கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெட்டி எப்படியும் இப்ப ஆறிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த நேரத்துல மோட்டாரை மட்டும் ஓட்டலாம். ஒத்த லோடுன்னா இழுக்கும். ரெண்டு சேந்தாத்தான் இழுக்காது. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

"ஒங்ககிட்ட யாருண்ணே கேக்குறது?"

அவர் கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, சத்தத்தில் போய்விட்டதா, எனக்குத் தெரியாது.

"செருப்பப் போட்டுட்டு வா. ஒன் கையாலயே போடு" என்றார்.

போட்டேன். சாவு வீட்டில், நூறு பேர் பார்க்க, செருப்போடு நின்று. அவர் சொல்லச் சொல்ல. மோட்டார் மட்டும். அண்டா, குடம், வாளி எல்லாம் நிறைந்தது. மோட்டாரை நிறுத்து. உருவு. இப்போது பெட்டி. பெட்டி உறுமும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில். அப்புறம் ஃபேன். அப்புறம் லைட்.

பெட்டி உறுமியது.

தம்பி ஒரு மணிக்கு வந்தான். பையைப் போட்டுவிட்டுப் பெட்டி மேல் விழுந்தான். ஆத்தா முகம் மாறவில்லை. தூங்குகிற மாதிரி இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். அவனே கொள்ளி வைத்தான்.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஒங்களாலதாண்ணே ஆத்தா மொகத்தப் பாத்தேன்."

"ஒங்க அக்கா கையக் கட்டிக்கிட்டு இருந்திருந்தா இன்னும் நல்லாப் பாத்திருப்ப" என்றார் அவர். ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். அவருக்கு அந்த வழக்கம் வசதி.

கறுப்பு வயர் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வீடு கழுவும்போது யாரோ சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நான் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் அது அந்த ஆணியிலேயே தொங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

தம்பி போனில் ஒவ்வொரு தடவையும் அவரைத்தான் விசாரிப்பான். "அண்ணன் நல்லா இருக்காரா?" நான் இருக்கார் என்பேன்.

அடுத்த ஐப்பசியில் இரண்டு நாள் கரண்டு போனது. மழை விட்டிருந்தது, தரை முழுக்கத் தண்ணீர். அவர் வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்குப் போகிற வயர் பழைய வெள்ளை வயர். நடுவில் டேப் சுற்றியிருந்தது. அந்த இடம் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது.

அவர் வீட்டில். ஒட்டு.

நல்ல வயர் என்னிடம் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். வேலியோரம் வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டார். ஒட்டுப் போட்டு ஓட்டுவாரே தவிர கேட்க மாட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஆணியிலிருந்து வயரை உருவினேன். தேங்காய் வெட்டுகிற அரிவாளை எடுத்துக்கொண்டேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜெனரேட்டரை நிறுத்தினேன். பிளக்கை உருவினேன். ஒட்டைச் செங்கல் மேல் வைத்து, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு.

சத்தம் நின்றதும் அவர் வெளியே வந்தார். வெட்டுப்பட்ட துண்டைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார்.

"மாத்துங்க" என்று கறுப்பு வயரை அவர் காலடியில் போட்டேன்.

அவர் மனைவி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் குந்தி உட்கார்ந்து, சுருளைப் பிரித்து, ஒரு முனையிலிருந்து தடவத் தொடங்கினார். நான் ஒட்டுப் போட்டிருப்பேனோ என்று. அவசரமே இல்லை. ஒரு சாண், அடுத்த சாண். நான் நின்றேன். மறுமுனைவரை போனார். ஒட்டு இல்லை.

எழுந்தார். நன்றி சொல்வார் என்றா நினைத்தேன்? இல்லை. ஆனாலும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

அவர் கண் கீழே போனது.

"செருப்பு எங்க?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கணுக்கால்வரை சேற்றுத் தண்ணீர். வெறுங்கால்.

இப்போது அவர் பொன்னமராவதிப் பக்கம் மகளோடு இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. போகும்போதும் சொல்லிக்கொண்டு போகவில்லை. அன்றைக்கும் அவர் சொன்னது சரிதான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அவரைப் பிடிக்காது.